வாயின் வலது ஓரம்

நான் வரைகிற முகத்துக்கெல்லாம் வாய் கோணிக்கொள்ளும். அது என் கையின் வியாதி. இணையத்தில் எங்களுக்கு ஓவிய வகுப்பெடுத்த டீச்சர் முதல் வாரமே அதைக் கண்டுபிடித்துவிட்டார். “உங்க கை ஒரு பக்கமாவே சாயுதும்மா. படத்தைத் திருப்பிப் பாருங்க” என்றார். கணினியில் வரைவதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாறிவிடும். அதுவரை லட்சணமாக இருந்த முகம், யாரோ ஓங்கி அறைந்த மாதிரி ஒரு பக்கம் தொங்கும். பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணுக்குத் தப்பு தெரியாதாம், திருப்பினால்தான் தெரியுமாம். எனக்கு இதில் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடிகளைக் கையில் வாங்கி, கீறல், குமிழி, கோணல் பார்த்துத் தள்ளுகிற வேலையில் வருஷக்கணக்கில் இருந்தவள் நான். அந்தப் பிரிவை மூடியதால் வீட்டுக்கு வந்தவள். எனக்கே கோணல் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது?

வீடு மீஞ்சூரில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில். வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான். அவருக்கு கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிற வேலை. தரையில் நின்று பொத்தான் அமுக்குகிற கிரேன் இல்லை. ஷெட்டின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கிறவர் கையசைப்பதைப் பார்த்து இரும்புக் கட்டுகளைத் தூக்கி நகர்த்த வேண்டும். அதில் அவருக்குத் திமிர் உண்டு. “மேல ஏறி குந்திட்டேன்னு வெச்சுக்கோ, மேனேஜரா இருந்தாலும் எனக்கு எறும்புதான்” என்பார்.

நான் வாங்கியது பழைய டேப்லெட். படம் அதில் தெரியாது. வெறும் கறுப்புப் பலகை. அதன்மேல் பேனாவை ஓட்டினால் கோடு மடிக்கணினியின் திரையில் விழும். கை ஒரு இடம், கண் ஒரு இடம். பழகுவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொண்டது. மாமியார் பக்கத்தில் வந்து நின்று பலகையையே உற்றுப் பார்ப்பார்.

“இன்னாமே இது, சிலேட்டுல எழுதிகினே கீற, ஒரு எழுத்தையும் காணோம்?”

“அங்க பாரு அத்த, திரையில வருது.”

“அப்போ அங்கயே எழுதறதுதானே?”

கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்து ஃபிளெக்ஸ் கடையில், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இப்போது போட்டோவைவிட வரைந்த முகம்தான் கேட்கிறார்கள், கை சுத்தமானால் சொல்லு என்றிருந்தார்கள். கை சுத்தமாக டீச்சர் சொன்ன வழி ஒன்றுதான். பத்து முகத்தைப் பத்து விதமாக வரையாதே, ஒரே முகத்தை எடுத்துக்கொள், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு போட்டோ எடுத்து முதலிலிருந்து வரை. மாமியாரைக் கேட்டேன். “போடி இவளே! நா இன்னும் சாவல, என்ன வரஞ்சு மாட்டாத” என்று எழுந்து போய்விட்டார். மிச்சம் வீட்டுக்காரர் முகம்தான்.

அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! அசையாமல் உட்காரமாட்டார். உட்கார்ந்தாலும், நான் அமுக்குகிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிடுவார். எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே தாலி கட்டுகிற படத்தில் தூங்குகிற ஆள். ஒரு நல்ல போட்டோவுக்கு எட்டு கெட்ட போட்டோ எடுக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

“இன்னும் எம்மா நேரம்மே? கொழம்பு வாசன வந்துகினு கீது. மூஞ்ச திருப்பு, மோவாய தூக்குன்னு பேஜாரு பண்ணிகினு கீறியே.”

“சொம்மா குந்துயா. கண்ண மட்டும் மூடாத.”

ஆச்சரியமாக அன்றைக்கு ரெண்டாவது போட்டோவிலேயே கண் திறந்திருந்தது. வலக்கண் நன்றாகவே திறந்திருந்தது. சந்தோஷப்பட்டேன்.

சாயந்திரம் வரைந்தேன். நிறம் பூசி, மூக்கின் நிழல் வைத்து, கடைசியில் திருப்பிப் பார்த்தால் வாயின் வலது ஓரம் இறங்கிக் கிடக்கிறது. “வந்துட்டியா?” என்று என் கையைத்தான் திட்டினேன். இழுத்து நகர்த்துகிற தூரிகை ஒன்று இருக்கிறது, வரைந்த பிறகும் சதையைக் களிமண்ணாக நினைத்துத் தள்ளலாம். அதை வைத்து வாயின் ஓரத்தைத் தூக்கிவிட்டேன். நெற்றியில் அவருக்கு மூன்று கோடு உண்டு. போட்டோவில் இடப்பக்கம் மட்டும் தெரிந்தது, வலப்பக்கம் வழவழவென்று இருந்தது. ஜன்னல் வெளிச்சம் தின்றுவிட்டது என்று நினைத்து, இடப்பக்கத்துக் கோடுகளை அப்படியே எடுத்து வலப்பக்கம் ஒட்டினேன். முகம் சரியாகிவிட்டது. நிம்மதியாக மூடிவைத்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கத்திக்கொண்டு வந்தார். கம்பெனி கேட்டில் முகம் காட்டி வருகை பதிகிற மெஷின் உண்டு. அதன் எதிரில் நின்றால் பச்சை விளக்கு எரிந்து நன்றி சொல்லும். அன்றைக்குக் காலையில் அவருக்குச் சிவப்பே எரிந்ததாம்.

“நாலு தபா காட்டினேன். மூஞ்சி சேரலன்னுது. பின்னாடி லைன்ல நிக்கறவன்லாம் சிரிக்கிறான். கடசில செக்யூரிட்டி நோட்டுல எழுதிகினு வுட்டான்.”

“கல்யாணம் ஆனதுலேந்து நானும் சொல்லிகினுதான் கீறேன் மூஞ்சி சரியில்லன்னு. மிஷினு இப்பதான் கண்டுபுடிச்சுதா?”

இதைச் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். மாமியாரும் சிரித்தார். வீட்டுக்காரர் டீயை வாங்கிக் குடிக்க, அது வாயோரம் வழிந்து சட்டையில் சொட்டியது. “கைக்கொயந்தயாய்யா நீ? ஒயுங்கா குடி” என்று துண்டை எடுத்துப் போட்டேன்.

பொழுது சாய்வதற்குள் வாசலில் நிறுத்தி இன்னொரு போட்டோ எடுத்தேன். அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார், நான் பலகை முன்னால் உட்கார்ந்தேன். கோடு போட்டவுடனே திருப்பிப் பார்த்தேன். மறுபடி அதே கோணல், நேற்றைவிட அதிகம். எனக்கு வந்ததே கோபம்! ஜென்மத்துக்கும் இந்தக் கை திருந்தாது என்று முடிவுகட்டி, திருட்டு வழிக்குப் போனேன். முகத்தை நடுவில் பிரித்து, ஒரு பாதியை வரைந்தால் மறுபாதியை அதுவே வரைந்துகொள்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. டீச்சர் அதைத் தொடவே கூடாது என்பார். தொட்டேன். இடப்பாதியை மட்டும் வரைந்தேன். வலப்பாதி தானாக வந்தது. அச்சு அசலாக என் வீட்டுக்காரர் திரையில் உட்கார்ந்திருந்தார். வாய் நேர்க்கோடு. நான் வரைய ஆரம்பித்த பிறகு முதன்முதலாகக் கோணாத வாய்.

“யோவ், இங்க பாருயா!” என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

டிவியிலிருந்து திரும்பினார். படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

திரையில் ஒரு முகம், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு முகம். திரையில் இருந்தது நேராக இருந்தது. உயிரோடு இருந்தது பாதிதான் சிரித்தது. இடது கன்னம் மேலே போய் கண்ணோரம் சுருங்கியது, வலது கன்னம் நகரவே இல்லை. படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மறுபடியும் படத்தைப் பார்த்தேன்.

“கண்ண மூடு” என்றேன்.

“இன்னாமே?”

“மூடுய்யா!”

மூடினார். இடக்கண் மூடிக்கொண்டது. வலக்கண் திறந்தபடியே நின்று, கறுப்பு விழி மேலே ஏறி, வெள்ளை மட்டும் தெரிந்தது. அவர் ரெண்டையும் மூடிவிட்டதாக நினைத்து, “மூடிகினேன், இப்போ இன்னான்ற?” என்று கேட்கிறார். மாமியார் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

எங்கள் தெருவிலேயே பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒருவர் உண்டு. அவருக்கும் முதலில் வாய்தான் கோணியது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. “கையத் தூக்கு, காலத் தூக்கு” என்று அவரை விரட்டினேன். தூக்கினார். இருந்தாலும் மனசு ஆறவில்லை. ஆட்டோ பிடித்துப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் மாமியார் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எனக்குச் சாமி ஞாபகமே வரவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அந்தக் கோணலை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், இது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. வாதம் என்றால் ஒவ்வொரு மணியும் முக்கியம் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் ஒரு நாளையே இழுத்து நகர்த்துகிற தூரிகையால் தள்ளிவிட்டேனே!

டாக்டரம்மா சின்ன வயசு. “எப்பலருந்து இப்படி?” என்றார்.

“இப்பதாம்மா, நல்லாத்தான் குந்திகினு டிவி பாத்துகினு இருந்தான்” என்றார் மாமியார்.

“இல்ல, நேத்து மத்தியானத்துலேந்து” என்றேன். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்துப் படங்களை வரிசையாகக் காட்டினேன். வெள்ளிக்கிழமை முகம் சரி. ஞாயிறு மத்தியானம் லேசாக. இன்றைக்கு நன்றாகவே. டாக்டரம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ போட்டோ எதுக்கு எடுத்தீங்க?” என்று கேட்டார். “வரையறதுக்கு” என்று முணுமுணுத்தேன்.

டாக்டரம்மா என் வீட்டுக்காரரை நெற்றியைச் சுருக்கச் சொன்னார். இடப்பக்கம் மூன்று கோடு விழுந்தது. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. நான் எதை வெளிச்சம் தின்றுவிட்டது என்று நினைத்தேனோ, அதே இடம்.

“பயப்படாதீங்க. மூளைல வர்ற வாதமா இருந்தா நெத்தி பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சுருங்கும். இது முகத்துக்குப் போற நரம்பு வீங்கினதால வந்தது. சீக்கிரமே வந்துட்டீங்க, மாத்திரை இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்.”

மாமியார் வழியில் கூப்பிட்ட சாமிகளுக்கெல்லாம் அங்கேயே கும்பிடு போட்டார்.

“சரியாயிடுமா மேடம்?” என்றேன்.

“முக்காவாசி பேருக்கு மேல சரியாயிடும். வாரக்கணக்கும் ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிக்கும்.”

உயிருக்கு ஒன்றும் இல்லை என்றவுடன் மனசு லேசாகியிருக்க வேண்டும். எனக்கோ அந்த ‘மிச்சம்’ என்ற வார்த்தைதான் திரும்பத் திரும்பக் கேட்டது.

வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரயில் வாசப்படியில் காற்று வாங்கிக்கொண்டே போகிற ஆளாச்சே, குளிர்காற்று காதுக்குள் போயிருக்கும் என்றார்கள். மாமியாருக்கு அதெல்லாம் பத்தவில்லை. உப்பையும் மிளகாயையும் கையில் வைத்து மகனைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்.

“தெனைக்கும் அவன் மூஞ்சயே மொறச்சு மொறச்சுப் பாத்துகினு கெடந்தா இன்னா ஆவும்? வெளி ஆளு கண்ணு இல்லடி. உன் கண்ணுதான்.”

சண்டை போட்டேன். ஒரு பாட்டம் கத்திவிட்டுப் பின்பக்கம் போய் நின்றால், உள்ளே பாதி மனசு மாமியார் சொன்னதை நம்பிவிட்டிருந்தது. அன்றைக்கே பலகையைத் துணியில் சுற்றி பீரோ மேல் போட்டேன்.

வீட்டுக்காரருக்கு உண்மையான அடி கம்பெனியில்தான் விழுந்தது. மூடாத கண் காய்ந்துபோகும், தூசி விழும், நீர் கோத்துக்கொண்டு மங்கலாகும். கண் தானாக மூடித் திறக்கிறவரை கிரேன் ஏறக்கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி சொல்லிவிட்டார். தப்பே இல்லை, கீழே ஆள் நிற்கிற இடம். ஸ்டோரில் ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். முதல்நாள் வந்து கால் கழுவிவிட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்தார்.

“எறும்பாயிட்டேன்மே” என்றார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டேன், தூங்கும்போது இமையை இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். டீக்கும் சோற்றுக்கும் தாடைக்குக் கீழே துண்டு கட்டிக்கொள்ளப் பழகிவிட்டார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் பலூன் ஊதச் சொன்னார், கண்ணாடி முன்னால் நின்று ஆ, ஈ, ஊ சொல்லச் சொன்னார். பலூன் ஊதினார். கண்ணாடிக்கு மட்டும் போகவேமாட்டார். சவரம்கூடத் தடவிப் பார்த்தேதான். போட்டோ காட்டினாலும், “அதுவும் கண்ணாடிதான், எடு அத” என்று தள்ளிவிடுவார்.

ஒருநாள் அவரே பீரோ மேல் கையைக் காட்டினார்.

“அந்த சிலேட்ட எடுமே. நா எப்பிடி கீறேன்னு வரஞ்சு காட்டு.”

“கண்ணாடில பாத்துக்கயேன்யா.”

“கண்ணாடில அது என்னியே பாக்குது. கோவம் வருது. நீ வரஞ்சா யாரோ ஒர்த்தன் மாதிரி இருக்கும். ஏறிகினு கீதா இல்லியான்னு மட்டும் பாத்துக்கறேன்.”

மாமியார் சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தார். நான் எடுத்தேன்.

அதுவரை வரையும்போது எனக்கிருந்த பயம், தப்பாக வரைந்துவிடுவேனோ என்பது. இப்போது சரியாக வரைந்துவிடுவேனோ என்று பயந்தேன். அவர் வேலையிலிருந்து வந்ததும் போட்டோ எடுப்பேன். வலக்கண் ஒவ்வொரு போட்டோவிலும் முழித்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடித் தொலைக்காதே என்று திட்டித் தீர்த்தவள், ஒரு படத்திலாவது மூடித் தொலையேன் என்று வேண்டிக்கொண்டே அமுக்குவேன். வரைந்து முடித்து, முந்தின நாள் படத்தைக் கண்ணாடித்தாளாக்கி இன்றைய படத்தின்மேல் போர்த்திப் பார்ப்பேன். வாயின் வலது ஓரம் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் பின்னால் வந்து நிற்பது மூச்சுச் சத்தத்தில் தெரியும்.

“ஏறிச்சா?”

“இல்லய்யா.”

டிவி பக்கம் போய்விடுவார். இல்லை என்று சொன்ன நாளில் பாதிச் சோறு தட்டிலேயே கிடக்கும். பிறகு பலூனையும் விட்டுவிட்டார். சிவப்பும் மஞ்சளுமாக டிவி மேல் காற்றில்லாமல் கிடந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அந்த இழுத்து நகர்த்துகிற தூரிகையை எடுத்தேன். வாயோரத்தில் வைத்து ஒரு நூல் அளவு, சத்தியமாக ஒரு நூல்தான், மேலே தள்ளினேன்.

“ஏறிச்சா?”

“கொஞ்சம்” என்றேன்.

அவர் குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். நேற்றைய படத்தைப் போர்த்திக் காட்டினேன். ரெண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி. “அட, ஆமா!” என்றார். அன்றைக்குச் சோறு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மஞ்சள் பலூனை ஊதினார். பாதிக் காற்று வாயோரமாகவே போனாலும் விடாமல் ஊதினார். மறுநாள் இன்னொரு நூல் தள்ளினேன். அதற்கு மறுநாளும். சந்தோஷமாக இருந்தேனா? இல்லவே இல்லை. அவர் டீ குடிக்கும்போது துண்டு நனைவதைப் பார்ப்பேன். எப்போது தெரிந்துவிடுமோ என்று அவர் முகத்தையே நேராகப் பார்க்காமல் நடமாடினேன்.

தெரிந்துவிட்டது. கேட் மெஷினிடம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு போனதே இல்லை, செக்யூரிட்டி நோட்டில்தான் தினமும் எழுதிக்கொள்வார். ஒரு காலையில் வரிசையில் நின்றவர்களிடம், “இன்னிக்கிப் பாருங்கடா” என்று சொல்லிவிட்டு மெஷின் எதிரில் போய் நின்றிருக்கிறார். சிவப்பு எரிந்தது. தள்ளி நின்று காட்டினார், சிவப்பு. தொப்பியைக் கழற்றிவிட்டுக் காட்டினார், சிவப்பு. யாரும் சிரிக்கவில்லையாம். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னது கத்தலில்லாத குரலில். பிறகு போய்க் கண்ணாடியின் முன்னால் நின்றார். நாள் கணக்காகத் தவிர்த்த கண்ணாடி. நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

“ஒண்ணுமே ஏறலியேமே” என்றார்.

“நீ சாப்ட மாட்டேங்கறியேன்னுதான்யா...”

“டாக்டரு மாசத்துக்கு ஒரு தபா பாக்கறாங்கோ. எங்கம்மாவ கேட்டா எல்லாம் சரியா கீதுன்னும். கம்பெனில என் எதிர்ல ஒர்த்தனும் வாயத் தொறக்க மாட்டான். நீ ஒர்த்திதான் என் மூஞ்ச பாத்து உள்ளத சொல்லுவேன்னு நெனச்சுகினு இருந்தேன். நீயும் ஏமாத்தினா நா யார்கிட்டமே போய் கேப்பேன்?”

அவர் அழவில்லை. வலக்கண்ணில் எப்போதும் வழிகிற நீர்தான் வழிந்தது. நான்தான் அழுதேன். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, “இனிமே தொட மாட்டேன்யா, என் அம்மா மேல சத்தியம்” என்றேன். எதிர்த்து ஒரு சண்டையும் போடாமல் தப்பை ஒப்புக்கொண்டேன். அப்படி ஆனது எங்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மாமியார்கூட எட்டிப் பார்த்தார்.

அந்தத் தூரிகையைக் கருவிகள் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் வரைந்ததெல்லாம் உள்ளது உள்ளபடி. கோணல் கோணலாக, முழித்த கண் முழித்த கண்ணாக. அவர் வந்து பார்ப்பார், “உம்” என்பார். ஆனால் முன்மாதிரி உடனே நம்பமாட்டார். “தொட்டியா?” என்று கேட்பார். “தொடல.” “மெய்யாலுமா?” “மெய்யாலுமே.” அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது. என்ன செய்வது, கேட்கட்டும் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பலூனை மட்டும் மறுபடி எடுத்துவிட்டார், கோபத்தில் ஊதுகிற மாதிரி ஊதினார். மழை பிடித்து, விட்டு, தண்டவாளப் பக்கம் காலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலோரம், அதே நாற்காலி. போனைத் தூக்கி அமுக்கினேன். பார்த்தேன். கெட்டுப்போன படம்.

“யோவ், கண்ண மூடிட்டியே! எத்தினி தபாய்யா சொல்றது உனக்கு...”

பழைய பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அழிக்கிற பொத்தானுக்குப் போன விரல் அப்படியே நின்றது.

மூடியிருந்தது. ரெண்டு கண்ணும். இடது அழுத்தமாக, வலது லேசாக, ஆனால் இமையோடு இமை சேர்ந்திருந்தது. வெள்ளை தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். அவசரத்தில் படம் வேறெங்கோ ஓடியது, இழுத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன்.

“இன்னாமே ஆச்சு? இன்னொண்ணு எடு” என்றார்.

“போதும்” என்றேன். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. வெளிச்சம் கூசி ஒரு தரம் மூடியிருந்தால்? என் ஆசையே கண்ணை மறைத்தால்? ஒரு தரம் இல்லாததை ஏறிவிட்டது என்று சொன்ன வாய் இது. பலகையை எடுத்து உட்கார்ந்தேன். நெற்றியின் வலப்பக்கம் ஒரு கோடு, மயிரிழை மாதிரி, ஆனால் கோடுதான். அதைப் போட்டேன். மூடிய கண் ரெண்டையும் போட்டேன். வாயோரம் இன்னும் இறங்கித்தான் இருந்தது, அதை இறக்கியே போட்டேன். திருப்பிப் பார்த்தேன். நேற்றைய படத்தைப் போர்த்திப் பார்த்தேன். வலது இமை நேற்று மேலேயே நின்றது, இன்றைக்குக் கீழே வந்திருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி வரைந்தேன். மறுபடியும் மூடித்தான் இருந்தது.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். “ஏறிச்சா?” என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இந்தக் கண்ணு நீ மூடினதா? நானே மூடினதா?”

“நான் தொடலய்யா. நீதான் மூடின.”

“மெய்யாலுமா?”

போனை எடுத்து அந்தக் கெட்டுப்போன போட்டோவைத் தேடினேன். அவர் என் கையைப் பிடித்து போனைக் கீழே இறக்கினார்.

“போட்டோல்லாம் வேணாம். நீ சொல்லு.”

சொன்னேன்.